ஃபேட்டி லிவர்: வருமானத்தையும் கரைக்கும் நோய்

வேறு ஏதோ தொந்தரவுக்காக வயிற்றை ஸ்கேன் செய்கிறோம். அறிக்கையின் கடைசியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருக்கிறது. வலி எதுவும் இல்லாததால் அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். கல்லீரலைக் குறைந்த செலவில் காப்பாற்றக்கூடிய காலம் அதுதான். அதைத் தவறவிட்ட பல குடும்பங்கள் பின்னாளில் நகையை அடகு வைத்து வைத்தியம் பார்க்கின்றன.

யாருக்கு வருகிறது?

மதுவைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான மதிப்பீட்டின்படி, பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். கொழுப்பு படிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கே நோய் முற்றி அழற்சி, தழும்பு, சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகுவது), புற்றுநோய் என்று போகிறது. ஆனால் நம் மக்கள்தொகையில் அந்தச் சிறு பகுதியே லட்சக்கணக்கான குடும்பங்கள்.

செலவு ஏறும் விதம்

தொடக்கத்தில் சில ரத்தப் பரிசோதனைகளோடு செலவு முடிந்துவிடும். சிரோசிஸ் முற்றினால் நிலைமை வேறு. வயிற்றில் சேரும் நீரை அடிக்கடி எடுக்க வேண்டும். அல்புமின் என்ற புரதத்தை ஏற்ற வேண்டும். ரத்த வாந்தி வந்தால் எண்டோஸ்கோபி, நினைவு தடுமாறினால் மறுபடியும் அட்மிஷன். கடைசி வழியான கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகளில் 20 லட்சம் ரூபாய்க்கு மேலும் ஆகலாம். அதன் பிறகும் வாழ்நாள் முழுக்க மருந்து உண்டு.

பில்லில் வராத இழப்பு

நோயாளி வேலையை விடுகிறார். துணைக்கு இருப்பவரின் தினக்கூலியும் போகிறது. இந்தியாவில் பெரும்பாலான மாற்று அறுவை சிகிச்சைகளில், உயிரோடு இருக்கும் உறவினரே கல்லீரலின் ஒரு பகுதியைத் தருகிறார். அவரும் பல வாரங்கள் வேலைக்குப் போக முடியாது. ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் ஒன்றாக நிற்கும்போது, முதலில் அடிபடுவது பிள்ளைகளின் படிப்பு.

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. அது பெரிய ஆதரவுதான். ஆனால் இழந்த கூலியை அது திருப்பித் தருவதில்லை.

குறைந்த செலவில் தடுக்கலாம்

வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கை வைத்து 'ஃபிப்-4' என்ற மதிப்பெண்ணைக் கணக்கிடலாம். கல்லீரலில் தழும்பு ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டா என்பதை அது காட்டும். மதிப்பெண் 1.3-க்கு மேல் இருந்தால் அடுத்த கட்டமாக, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அதிக எடை உள்ளவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ எடையுள்ளவருக்கு 5 முதல் 10 சதவீதம் என்பது 4 முதல் 8 கிலோ. குளிர்பானத்தையும் இனிப்பையும் குறைப்பது, தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுவது, மதுவை நிறுத்துவது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது ஆகியவையே அதற்கு வழி.

அரசு செய்ய வேண்டியது

2021-ல் மத்திய அரசு இந்த நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீடுவரை செல்கிறது. அந்தத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஃபிப்-4 கணக்கிடப்பட வேண்டும். அதற்கு ஆகும் சில நூறு ரூபாய், ஒரு குடும்பம் கடனில் விழுவதைத் தடுக்கும்.