புடைப்புப் பூச்சு உட்கூரையைச் சமன்படுத்துதல்

புடைப்புப் பூச்சு உட்கூரையைச் சமன்படுத்துதல் என்பது, அறையின் உட்கூரையில் முன்பு பூசப்பட்ட மேடுபள்ளமான அலங்காரப் பூச்சின் மீது மெல்லிய ஜிப்சம் சாந்தைப் பூசி, அதனை வழவழப்பான தட்டைப் பரப்பாக மாற்றும் வேலையாகும். பிரித்தானியாவின் பழைய வீடுகளில் இது அடிக்கடி நடைபெறும் சீரமைப்பு வேலைகளுள் ஒன்று. தமிழகத்தில் சுவருக்குப் பட்டி பார்ப்பதுடன் இதனை ஓரளவு ஒப்பிடலாம். எனினும் பட்டி மெல்லிய படலமாகவே நிற்கும். இங்கோ பழைய பூச்சின் பள்ளங்கள் எல்லாம் நிரம்பி, மேடுகளும் மூடப்பட வேண்டும். வேலையின் கடினமான பகுதி பூசுவது அன்று. பழைய பூச்சினுள் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், கருவியைக் கையில் எடுக்கும் முன்பே சிலவற்றை முடிவு செய்ய வேண்டியுள்ளது.

பின்னணி

பிரித்தானியாவில் இத்தகைய பூச்சுகளை மக்கள் பொதுவாக 'ஆர்ட்டெக்ஸ்' என்றே அழைக்கின்றனர். இது ஒரு வணிகப் பெயர், காலப்போக்கில் பொதுப்பெயராகிவிட்டது. 1960களிலிருந்து 1980கள் வரை இது பெரிதும் விரும்பப்பட்டது. அதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. ஜிப்சம் பலகைகளால் ஆன உட்கூரையின் இணைப்புகளை மறைத்து வழவழப்பாகப் பூசத் தேர்ந்த பூச்சு வேலையாள் தேவை. தடித்த கூழைத் தூரிகையால் அப்பி, அது காயும் முன் சீப்பு போன்ற கருவியால் விசிறி, சுழி, மரப்பட்டை முதலிய வடிவங்களை இழுத்துவிட்டால் இணைப்பும் விரிசலும் கண்ணில் படாது, செலவும் குறைவு. பின்னர் இரசனை மாறியது. வடிவங்களின் இடுக்கில் தூசியும் ஒட்டடையும் தங்கின. நீர்க்கசிவால் ஓரிடம் கெட்டால், பழைய வடிவத்தோடு பொருந்துமாறு ஒட்டுப்போடுவதும் கடினமாக இருந்தது.

வட அமெரிக்காவின் 'பாப்கார்ன்' உட்கூரை இதிலிருந்து வேறுபட்டது. அது இயந்திரத்தால் தெளிக்கப்பட்டது. வண்ணம் பூசப்படாதிருந்தால் நீர் பட்டதும் இளகிவிடும். ஆகவே அதன் மீது நேராகச் சாந்து பூசினால் பழையதும் புதியதும் சேர்ந்து விழ வாய்ப்புண்டு.

கல்நார்

பழைய புடைப்புப் பூச்சுகள் பலவற்றில், கூழ் வழியாமலும் வெடிக்காமலும் இருக்க வெண்கல்நார் இழை சிறிதளவு சேர்க்கப்பட்டது. தமிழகத்தில் 'ஆஸ்பெட்டாஸ் கூரை' என அறியப்படும் தகடுகளில் உள்ளதும் இவ்வகை இழையே. பிரித்தானிய உற்பத்தியாளர்கள் 1980களின் போக்கில் இதனைக் கைவிட்டனர். நாட்டில் வெண்கல்நார் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான். எனவே 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய எந்தப் புடைப்பு உட்கூரையையும், சோதனை வேறாகச் சொல்லும் வரை, கல்நார் உள்ளதாகவே கொள்வது வழக்கம். கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ இதனைக் கண்டறிய இயலாது. சிறு மாதிரியை நீர் தெளித்து ஈரமாக்கி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். உட்கூரை முழுவதும் ஒரே நாளில் பூசப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லாததால், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மாதிரி எடுப்பதே நல்லது.

பூச்சு சிதையாமல் இருக்கும் வரை இழைகள் அதனுள் கட்டுண்டு கிடக்கும். ஆபத்து, அதனைச் சுரண்டும்போதும் உலர்வாகத் தேய்க்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசியில் உள்ளது. மூச்சில் நுழையும் நுண்ணிழைகள் நுரையீரல் புற்றுநோயையும், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியவை. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், அன்றைய வேலைக்கும் பிற்கால நோய்க்கும் உள்ள தொடர்பு வேலை செய்பவருக்குத் தெரிவதில்லை. வீட்டு உரிமையாளர் ஒரு வாழ்நாளில் ஓர் உட்கூரையைத் தொடுவார். பூச்சு வேலையாளோ வாரந்தோறும் தொடுகிறார். மேடுகளை மட்டும் லேசாகத் தட்டிவிட்டால் போதும் என்ற தொழில் வழக்கம், கல்நார் உள்ள பூச்சுக்குப் பொருந்தாது. பிரித்தானியாவில் இப்பூச்சு தொடர்பான வேலைக்குப் பொதுவாக உரிமம் பெற்ற நிறுவனம் தேவையில்லை என்றாலும், பயிற்சியும் முறையான பாதுகாப்பும் தேவை. சுரண்டாமல் மேலே மூடிவிடுவதே பெரும்பாலும் குறைந்த ஆபத்துள்ள வழி.

பரப்பைச் சோதித்தல்

புதிய சாந்தின் எடை முழுவதையும் பழைய பூச்சே தாங்க வேண்டும். பழைய பூச்சு தன் அடித்தளத்திலிருந்து விடுபட்டிருந்தால், எவ்வளவு நல்ல சாந்தும் பயனளிக்காது. விரல் முட்டியால் மெல்லத் தட்டும்போது வெற்றொலி எழும் இடங்களும், தொய்வும், நீர்க்கறையும் குறித்துக்கொள்ளப்படுகின்றன. மிகப் பழைய வீடுகளில் மரப்பட்டிகளின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசிய உட்கூரை இருக்கும்; அங்கே பட்டிகளுக்கு இடையே சாந்து பிடித்திருந்த பிடி உடைந்திருந்தால் மேற்பூச்சு பூசக்கூடாது. மற்றொரு பகை, சுண்ணத்தூளும் பசையும் கலந்த 'டிஸ்டெம்பர்' என்னும் பழைய வண்ணம். ஈரப் பஞ்சால் துடைக்கும்போது வெண்மையாகக் கரைந்து வந்தால் அது இருப்பதாகப் பொருள். ஈரச் சாந்து பட்டதும் அது இளகிவிடும் என்பதால் முதலில் கழுவி நீக்க வேண்டும்.

கல்நார் இல்லை என உறுதியான பின்னரே, கூர்மையான மேடுகள் ஈரப்படுத்திச் சுரண்டப்படுகின்றன. பிறகு தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கழுவப்படும். சமையலறை உட்கூரையில் இதனைத் தவிர்க்க இயலாது. விளக்கு இணைப்புகளுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டு, விரிசல்களின் மேல் வலை நாடா ஒட்டப்படும்.

பிடிப்பு

புதிய செங்கல் சுவர் நீரை உறிஞ்சிச் சாந்தைப் பிடித்துக்கொள்ளும். பலமுறை வண்ணம் பூசிய உட்கூரைக்கு அந்த உறிஞ்சும் தன்மை இல்லை. இதற்காகப் பிடிப்புப் பொருள் பூசப்படுகிறது. மரபான முறையில் பி.வி.ஏ. பசையை நீரில் கரைத்து ஒரு முறை பூசிக் காயவிட்டு, மறுமுறை பூசி அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சாந்து பூசுவர். அது முழுமையாகக் காய்ந்துவிட்டால் மேலே வழுக்கும் தோல் போலாகிவிடும் என்பதால் நேரக் கணக்கு முக்கியம். பெரிய உட்கூரையில் ஒரு மூலை பிசுபிசுப்பாக இருக்கையில் மறுமூலை காய்ந்துவிடுவதுண்டு. நுண்மணல் கலந்த பிடிப்புப் பூச்சுகளில் இந்தத் தொல்லை இல்லை. அவை காய்ந்த பின்னும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக நின்று சாந்தைப் பிடித்துக்கொள்கின்றன. விலை கூடுதல் என்றாலும் உட்கூரைக்கு இவையே நம்பத்தக்கவை.

பூசுதல்

இறுதிப் பூச்சுக்கான ஜிப்சம் தூள், நீர் சேர்ந்ததும் சுமார் 90 நிமிடங்களில் இறுகிவிடும். வாளியில் முந்தைய கலவையின் எச்சம் இருந்தால் இன்னும் விரைவாக இறுகும். பழைய படிகங்கள் புதிய படிகங்களுக்கு வித்தாகின்றன. அதனால்தான் தேர்ந்த வேலையாட்கள் ஒவ்வொரு கலவைக்கும் வாளியைக் கழுவுகின்றனர். 2 மி.மீ. பருமனில் 25 கிலோ மூட்டை ஏறத்தாழ 10 சதுர மீட்டருக்குப் போதும் என்பது தட்டையான பரப்புக்கான கணக்கு. புடைப்புப் பரப்பில் பள்ளங்களே முதல் மூட்டையை விழுங்கிவிடும்.

ஆழமான வடிவமாயின், முதலில் அடிப்பூச்சுச் சாந்தால் பள்ளங்கள் நிரப்பப்படும். ஆழம் குறைவெனில் இறுதிச் சாந்தையே இரு முறை பூசலாம். முதல் பூச்சில் மேடுகளின் முனைகள் தெரிந்தாலும் கவலையில்லை. அது சற்று இறுகியபின் இரண்டாவது பூச்சு அவற்றை மூடும். பிறகு சாந்து இறுக இறுகக் கரணையால் பலமுறை தேய்த்து வழவழப்பாக்கப்படும். பள்ளத்தில் சாந்து பருமனாகவும் மேட்டில் மெல்லியதாகவும் இருப்பதால் இறுகும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பழைய விசிறி வடிவமே மங்கலாக மீண்டும் எழும்.

நன்கு காய்ந்த சாந்து கருமையான இளஞ்சிவப்பிலிருந்து வெளிறிய நிறத்துக்கு மாறும். இதற்குச் சில நாட்கள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதன் பின் நீர்த்த வண்ணம் முதல் பூச்சாகப் பூசப்படும். கெட்டியான வண்ணத்தை நேராகப் பூசினால் அது பின்னர் உரிந்து வரும்.

பலகையால் மூடுதல்

பழைய பூச்சு பலவீனமாகவோ மிக ஆழமாகவோ இருந்தால், 9.5 மி.மீ. ஜிப்சம் பலகையை உட்கூரையின் மரச் சட்டங்களில் திருகாணியால் பொருத்தி, அதன்மேல் சாந்து பூசலாம். எடை பழைய பூச்சைச் சாராமல் மரத்துக்கே செல்வது இதன் நன்மை. ஆனால் திருகாணி பழைய பூச்சைத் துளைப்பதால், கல்நார் உள்ள இடத்தில் இதற்கும் முன்னெச்சரிக்கை தேவை.

மூடப்பட்ட கல்நார் அங்கேயேதான் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அந்த வழவழப்பான உட்கூரையில் புதைவிளக்குக்காக வட்டத் துளையிடும் மின்பணியாளருக்கு உள்ளே மறைந்திருக்கும் அடுக்கு தெரியாது. ஆய்வக அறிக்கையை வீட்டு ஆவணங்களோடு வைத்து, வீடு கைமாறும்போது அதனையும் கையளிக்கச் சொல்வது இதற்காகவே.