கம்ப்யூட்டர் டிசைனை மெஷினே செதுக்கினால் உளி பிடிச்ச கைக்கு என்ன வேலை? தர்மபுரியில் கத்துக்க என்ன வழி?

பூஜை அறைக்குக் கதவு செய்யணும்னா முன்னாடி ஆசாரி வீட்டுக்கு வந்து அளவு எடுப்பார். பூ வேலைப்பாடு வேணும்னா உளியும் கொட்டாப்புளியுமாக நாள் கணக்கில் உட்காருவார். இப்போ கடைக்காரர் மொபைலில் பத்து டிசைன் காட்டி, "எது வேணும்?" என்கிறார். சில மணி நேரத்தில் செதுக்கி முடிந்துவிடுகிறது. செதுக்குவது ஆள் இல்லை, சிஎன்சி ரூட்டர்.

அப்போ பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ மரவேலை செய்கிறவர் என்ன பண்றது? இதைக் கத்துக்க பெங்களூருக்குத்தான் பஸ் ஏறணுமா?

சிஎன்சி ரூட்டர் எப்படி வேலை செய்யுது?

ஒரு பெரிய மேஜை. அதன் மேல் முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகரும் ஒரு மோட்டார். மோட்டாரின் நுனியில் வேகமாகச் சுழலும் வெட்டுமுனை. இதை 'பிட்' என்பார்கள். டிசைனை முதலில் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த வேகத்தில் வெட்டணும் என்பதை இன்னொரு மென்பொருள் 'ஜி-கோட்' என்ற கட்டளைகளாக மாற்றும். அந்தக் கட்டளை சொல்கிறபடி மெஷின் நகரும்.

லேசர் கட்டர் இதிலிருந்து வேறு. அது ஒளியால் எரித்து வெட்டுவதால் மெல்லிய பிளைவுட், அக்ரிலிக் போன்றவற்றுக்குத்தான் சரி. பெயர்ப்பலகை, பொம்மை, பரிசுப் பொருள் செய்ய ஏற்றது. கதவு, கட்டில் என்றால் ரூட்டர்தான்.

மெஷினுக்குத் தெரியாதது

பிட் உருண்டையானது. அதனால் உள் மூலையை அதனால் சதுரமாக வெட்டவே முடியாது. 6 மி.மீ. பிட் என்றால் மூலையில் 3 மி.மீ. வளைவு கட்டாயம் நிற்கும். அந்த மூலையில் இன்னொரு கட்டை கச்சிதமாக உட்காரணும்னா யாராவது உளி எடுத்துத்தான் தட்ட வேண்டும். (டிசைனிலேயே மூலையில் சின்னக் குழி விட்டுச் சமாளிப்பதும் உண்டு. பார்க்க அவ்வளவு நல்லா இருக்காது.)

அடுத்தது மரம். 18 மி.மீ. என்று வாங்கும் பிளைவுட் பல நேரம் முழு 18 இருக்காது. கம்ப்யூட்டரில் 18 என்று போட்டு வெட்டினால் இணைப்பு லொடலொடன்னு ஆடும். தேக்கோ வேம்போ ஈரத்துக்கு ஏற்ப அகலவாட்டில் விரியும், சுருங்கும். நார் ஓடும் திசைக்கு எதிராக பிட் போனால் ஓரம் பிய்ந்துவிடும். கட்டையைக் கையில் எடுத்ததுமே தச்சருக்கு இதெல்லாம் தெரியும். டிசைன் மட்டும் படிச்சவருக்குப் பல பலகை வீணான பிறகுதான் புரியும்.

அதனால் ரூட்டர் குறைக்கப்போவது ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பச் செதுக்கும் கூலி வேலையை. அந்த இழப்பு உண்மைதான், மறைக்க வேண்டாம். ஆனால் மரமும் தெரிந்து, மென்பொருளும் தெரிந்த ஒருவருக்குப் போட்டி குறைவு.

வறண்ட ஊரில் ஒரு முன்மாதிரி

இந்த மெஷின்களை ஒரே கூரையின் கீழ் வைத்து, யார் வேணும்னாலும் வந்து கத்துக்கிட்டு செய்யலாம் என்ற இடத்துக்கு 'ஃபேப் லேப்' என்று பெயர். அமெரிக்காவின் எம்ஐடி-யில் பேராசிரியர் நீல் கெர்ஷென்ஃபெல்ட் உருவாக்கிய யோசனை இது. எம்ஐடி-க்கு வெளியே ஆரம்பத்திலேயே, 2002ல், ஃபேப் லேப் வந்த இடம் எது தெரியுமா? மகாராஷ்டிராவின் புனே மாவட்டத்தில், மழை குறைந்த பாபல் கிராமம். அங்கே டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் 1983ல் தொடங்கிய விக்யான் ஆசிரமம், பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கும் கைத்தொழில் சொல்லித்தரும் இடம். பாபலில் முடிந்தது தர்மபுரியில் ஏன் முடியாது என்று கேட்பது நியாயமான கேள்வி.

தர்மபுரியில் என்ன வழி?

முதலில் போக வேண்டியது அரசு ஐடிஐ. தர்மபுரி அருகே கடகத்தூரிலும், அரூரிலும் இருக்கிறது. ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களில் சுமார் 2,877 கோடி ரூபாயில் 'தொழில் 4.0' மையங்களை அமைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிஎன்சி, ரோபோட்டிக்ஸ், டிசைன் போன்ற பாடங்கள் அதில் அடக்கம். உங்கள் ஐடிஐ-யில் எந்தப் பிரிவு, எந்த மெஷின் இருக்கு, குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

சிக்கல் ஒன்று இருக்கிறது. தினமும் வேலைக்குப் போனால்தான் சாப்பாடு என்ற நிலையில் இருக்கும் தச்சர், ஒரு வருஷம் வகுப்பில் உட்கார முடியாது. அவருக்குத் தேவை சனி, ஞாயிறு பயிற்சியும், மணிக்கு இவ்வளவு என்று கட்டி மெஷினைப் பயன்படுத்தும் வசதியும்தான். அரசு மையங்கள் மாலை நேரத்தில் அவருக்கும் கதவைத் திறந்தால் செலவும் பெரிதாக இருக்காது.

பணத்துக்கு?

சொந்தமாக 8க்கு 4 அடி மெஷின் வாங்க சில லட்சங்கள் ஆகும். 35 வயது தாண்டியவர்களுக்கு 'கலைஞர் கைவினைத் திட்டம்' இருக்கிறது. 25 கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதிலேயே சேரலாம், குடும்பத் தொழிலாகவும் இருக்கணும். இது பிள்ளைகளைக் குலத்தொழிலுக்கே தள்ளும் என்று சொல்லி தமிழக அரசு அதை ஏற்கவில்லை. மாநிலத் திட்டத்தில் 35 வயது என்று வைத்ததும் அதனால்தான்.

35க்கு உள்ளே இருப்பவர்கள் மாவட்ட தொழில் மையத்தில் பிஎம்இஜிபி பற்றிக் கேட்கலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25, சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீத மானியம். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டம் என்றால் 8ஆம் வகுப்பு தேர்ச்சி வேணும்.

மெஷின் முன்னாடி நிக்கும்போது

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. தூசி உறிஞ்சியும் மாஸ்க்கும் கட்டாயம். பிட் சுழலும்போது கையுறை போடாதீங்க, துணி சிக்கினால் விரலையும் இழுத்துக்கும். லேசரில் பிவிசி ஷீட்டை வைக்கவே கூடாது. எரிந்தால் குளோரின் கலந்த நச்சுப் புகை வரும். நுரையீரலுக்கும் ஆபத்து, மெஷினும் துருப்பிடிக்கும்.