மெட்ராஸ் டெரஸ் கூரையில் மரக்கட்டைகளின் அளவும் இடைவெளியும்: ஒரு கணக்கீட்டு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

செங்கலும் சுண்ணாம்பும் மரக்கட்டையும் கொண்டு அமைந்த மெட்ராஸ் டெரஸ் கூரையில் கட்டையின் உயரம், அகலம், இடைவெளி ஆகியவை எவ்வாறு முடிவாகின்றன என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழி விளக்குகிறது. அளவைத் தீர்மானிப்பது மரத்தின் வலிமையைவிட அதன் தொய்வே என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மெட்ராஸ் டெரஸ், உத்திரம், கட்டை, தொய்வு, தாவுநீளம், மரபுக் கட்டடக்கலை.

முன்னுரை

தமிழகத்து மரபு வீடுகள் பற்றிய ஆய்வுகள் முற்றம், தூண், சிற்ப வேலைப்பாடு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. தலைக்குமேல் உள்ள மச்சினை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆனால் இன்று அவ்வீடுகளைப் பழுதுபார்ப்போர் முதலில் எதிர்கொள்ளும் வினா மச்சு பற்றியதே. உளுத்த கட்டைக்கு மாற்றாக எந்த அளவுக் கட்டையை இடுவது? இரண்டு கட்டைகளுக்குப் பதில் ஒன்று போதுமா? தச்சரின் பட்டறிவு இதற்கு விடை தந்த காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. அவ்விடையின் காரணத்தை அறிந்தால்தான் அதனை மீட்டெடுக்க இயலும்.

இடைவெளியைத் தீர்மானிப்பது எது?

மெட்ராஸ் டெரஸில் சுவர்மேலோ உத்திரத்தின்மேலோ கட்டைகள் வரிசையாக அமர்கின்றன. அவற்றின்மேல் 150 × 75 × 25 மி.மீ. அளவுள்ள சிறு செங்கற்கள் விளிம்பில் நிறுத்தப்பட்டு, மூலைவிட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கப்படுகின்றன. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதற்கும் மேலே தட்டோடு. கட்டைகள் மையத்திற்கு மையம் ஒன்றரை அடி (சுமார் 450 மி.மீ.) தள்ளி அமைந்தால், 75 மி.மீ. அகலக் கட்டைகளுக்கு நடுவே 375 மி.மீ. வெற்றிடம் இருக்கும். ஒரு செங்கல் தனித்து அதனைக் கடக்க முடியாது. பல கற்கள் சாந்தினால் ஒன்றையொன்று பற்றி, தட்டையான வளைவுபோல் நின்றே அவ்விடைவெளியைக் கடக்கின்றன. ஆகவே இடைவெளியின் மேல் எல்லையை வகுப்பது மரம் அன்று. மரத்தின்மேல் அமரும் பொருளே.

இது இக்கூரைக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. மங்களூர் ஓட்டுக் கூரையில் ரீப்பர்களின் இடைவெளியை ஓட்டின் நீளம் வகுக்கிறது. அமெரிக்க மரவீடுகளில் 16 அல்லது 24 அங்குல இடைவெளி வழக்கமாக இருப்பதற்கு 8 அடி நீள ஒட்டுப்பலகை அவ்விரு அளவுகளாலும் மீதியின்றி வகுபடுவது ஒரு முக்கியக் காரணம். இடைவெளி இவ்வாறு ஏறத்தாழ முடிவாகிவிடுவதால், வடிவமைப்போர் கையில் எஞ்சுவது கட்டையின் வெட்டுமுகமே.

ஓர் எடுத்துக்காட்டு

தாவுநீளம், அதாவது தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம், 3 மீட்டர் (ஏறக்குறைய பத்தடி) எனக் கொள்வோம். விளிம்புச் செங்கல் 75 மி.மீ., ஜல்லித் தளம் 75 மி.மீ., தட்டோடும் சாந்தும் 50 மி.மீ., அடிப்பூச்சு, மரத்தின் எடை அனைத்தும் சேர்ந்து நிலைச்சுமை ச.மீட்டருக்குச் சுமார் 4.2 கிலோநியூட்டன் வரும். மக்கள் ஏறி இறங்கும் மாடிக்கு இந்தியத் தர நெறி (ஐ.எஸ். 875) கூறும் பயன்சுமை 1.5. இரண்டும் சேர்ந்து 5.7. ஒரு கட்டை 450 மி.மீ. அகலப் பட்டையைத் தாங்குவதால், அதன் ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் 2.565 கிலோநியூட்டன் சுமை விழுகிறது.

75 × 150 மி.மீ. (3 × 6 அங்குலம்) தேக்குக் கட்டையை எடுத்துக்கொள்வோம். நடுப்பகுதியின் வளைவுத் திருப்புமை 2.89 கிலோநியூட்டன்-மீட்டர், அதனால் எழும் தகைவு ச.மி.மீட்டருக்கு 10.3 நியூட்டன். அனுமதிக்கத்தக்க தகைவை 12 எனக் கொண்டால் கட்டை ஒடியாது. எனவே போதும் என்று தோன்றும்.

போதாது. மீட்சிக் குணகம் ச.மி.மீட்டருக்கு 10,000 நியூட்டன் எனக் கொண்டால் நடுவில் தொய்வு 12.8 மி.மீ. எளிதில் விரியக்கூடிய பொருள்களைத் தாங்கும் மரத்திற்கு ஐ.எஸ். 883 வகுக்கும் எல்லை தாவுநீளத்தில் 360-இல் ஒரு பங்கு, அதாவது 8.3 மி.மீ. செங்கலும் சுண்ணாம்பும் அத்தகைய பொருள்களே. கட்டை ஒடியாமல் தாங்கினாலும் தளம் வெடிக்கும். வெடிப்பின் வழி நீர் இறங்கும். இறங்கிய நீர் கட்டையின் முனையை உளுக்கச் செய்யும். இவ்வாறு தொய்வு, காலப்போக்கில், வலிமையின் சிக்கலாகவே மாறிவிடுகிறது.

இதனைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. அகலத்தை 100 மி.மீ. ஆக்கினால் மரம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, தொய்வோ 9.6 மி.மீ. வரைதான் குறைகிறது. கட்டைகளை 300 மி.மீ. இடைவெளிக்கு நெருக்கினால் மரம் ஒன்றரை மடங்காகிறது, தொய்வு 8.55, எல்லையைச் சற்றே மீறுகிறது. உயரத்தை மட்டும் 175 மி.மீ. ஆக்கினால் மரம் ஆறில் ஒரு பங்கே கூடுகிறது, தொய்வு 8.1 ஆகி எல்லைக்குள் அடங்குகிறது. அகலம் ஒருபடியாகவும் உயரம் மும்மடியாகவும் விறைப்பில் பங்கேற்பதே இதற்குக் காரணம். கட்டையைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைக்கும் தச்சு மரபின் கணக்கும் இதுவே.

இதே மும்மடி எதிர்த்திசையிலும் இயங்கும். 150 எனக் கேட்டு வாங்கிய மரம் அறுத்து இழைத்தபின் 140 மி.மீ. நின்றால் தொய்வு 23 விழுக்காடு ஏறுகிறது. ஆகவே கணக்கில் சேர்க்க வேண்டியது கடையில் சொன்ன அளவை அன்று, கையில் அளந்த அளவை.

தாவுநீளமும் காலமும்

ஒரே சுமை, ஒரே இடைவெளி எனில் கட்டையின் உயரம் தாவுநீளத்தோடு நேர்விகிதத்தில் கூட வேண்டும். 3 மீட்டருக்கு 175 எனில் 3.6 மீட்டருக்கு 210 மி.மீ. அறையின் அகலம் கூடக்கூட ஒவ்வொரு கட்டையும் நீளத்தோடு உயரமும் பெறுவதால் மரச்செலவு விரைந்து ஏறுகிறது. பழைய வீடுகளின் அறைகள் ஒடுங்கியிருப்பதற்கு வாழ்முறையை மட்டும் காரணமாகக் கூறும் ஆய்வுகள் இதனையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

மரம் நிலையான சுமையின்கீழ் மெல்ல மெல்லத் தொய்யும் இயல்புடையது. இக்கூரையில் மொத்தச் சுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலைச்சுமை. உலர்ந்த மரத்திற்கு நீண்டகாலத் தொய்வு ஒன்றரை மடங்கு எனக் கொண்டால், 175 மி.மீ. கட்டையே சுமார் 11 மி.மீ. தொய்யும். எனவே கணக்கில் வரும் அளவைவிடப் பெரிய கட்டைகள் பழைய வீட்டில் காணப்பட்டால் அதனை வீண் ஆடம்பரம் எனக் கொள்ளலாகாது.

பழுதுபார்க்கும்போது

உளுத்த கட்டையை எடுத்துவிட்டு அதன் இடத்தை வெறுமையாக விட்டால் செங்கல் கடக்க வேண்டிய வெற்றிடம் 375-இலிருந்து 825 மி.மீ. ஆகிறது. சாந்தின் பிடிப்பால் அது சிலகாலம் நிற்கக்கூடும். அவ்வாறு நிற்பதே ஆபத்து. மாற்றுக் கட்டை பழையதன் உயரத்தைவிடக் குறையாதிருக்க வேண்டும். சுவருக்குள் புதையும் முனையைச் சுற்றிக் காற்றுக்குச் சிறிது இடம் விட வேண்டும்.

நீர்த்தொட்டி பற்றியும் கூற வேண்டும். 1,000 லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 10 கிலோநியூட்டன். நம் எடுத்துக்காட்டுக் கட்டை தன் முழு நீளத்திலும் தாங்க வேண்டிய மொத்தச் சுமையே 7.7 தான். தொட்டியைக் கட்டைகளின் நடுவே வைப்பதைத் தவிர்த்து, இரு சுவர்களின்மேல் குறுக்கே இட்ட தனி உத்திரங்களின்மீது, தளத்தைத் தொடாமல் அமர்த்த வேண்டும்.