முப்பது விழுக்காட்டு வேலி

நூறு பங்கு வேலையை எடுத்தவன் முப்பது பங்குக்கு மேல் உள்குத்தகைக்கு விடக்கூடாது! இத்தாலி நாட்டு அரசு ஒப்பந்தச் சட்டம் போட்டிருந்த வேலி இது. பொழுதுபோகாமலா போட்டார்கள்? டெண்டரைக் கோட்டணிந்த கனவான் எடுப்பார். பணத்தையோ உள்குத்தகை எனும் கொல்லைப்புற வழியாக மாஃபியாக் கும்பல் அள்ளிச் செல்லும். அந்தக் கொல்லைக் கதவுக்கு இட்ட தாழ்ப்பாள் அது!

2014இல் ஐரோப்பிய ஒன்றியம் அரசு ஒப்பந்தங்களுக்குப் புதிய நெறியாணை பிறப்பித்தது. 2016 ஏப்ரல் 18க்குள் உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தைத் திருத்திட வேண்டும். ஸ்பெயின் தவணை கடத்தியது. அதன் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மார்ச்சில். இத்தாலியோ தவணை நாளிலேயே சட்டம் இயற்றியது, முப்பது விழுக்காட்டு வேலியையும் உள்ளே வைத்து!

வந்தது வழக்கு. மிலானுக்கும் லைனாட்டேவுக்கும் இடையே ஏ8 நெடுஞ்சாலையில் ஐந்தாவது தடம் அமைக்கும் வேலை. உள்குத்தகை வரம்பை மீறியதாக ஒரு நிறுவனம் விலக்கப்பட்டது. லக்சம்பர்க்கிலுள்ள ஒன்றிய நீதிமன்றம் 2019 செப்டம்பர் 26இல் தீர்ப்பளித்தது: குற்றக் கும்பலைத் தடுக்கும் நோக்கம் முறையானதே, ஆனால் எந்த வேலை, யார் உள்குத்தகைக்காரர் என்று பாராமல் எல்லோரையும் தடுப்பது மிகை.

இரண்டே மாதத்தில் அடுத்த அடி! ரோம் நகரின் சப்பியென்சா பல்கலைக்கழகத் துப்புரவுப் பணி பற்றிய வழக்கு. உள்குத்தகைக்காரருக்குத் தரும் விலையை இருபது விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாகாது என்ற விதியும் சாய்ந்தது. அடிமாட்டு விலைக்கு வேலையெடுத்தவன் கை வைப்பது துடைப்பம் பிடிப்பவரின் கூலியில்தானே?

நீதிமன்றத்தின் வாதம் வெறும் வாதமென்று சொல்லமாட்டேன். கள்ளனுக்குச் செய்த விலங்கைத் தெருவில் போவோர்க்கெல்லாம் பூட்டலாமா? சிறு நிறுவனங்கள் பெரிய வேலைகளில் நுழையும் வாசலும் உள்குத்தகைதான். ஆனால், ‘ஒவ்வொன்றாய் ஆராய்ந்து முடிவெடு’ என்கிறார்களே, யார் எடுப்பது? சிற்றூர் நகராட்சி அலுவலர்! “நான் என்ன செய்வேன் ஐயா, சட்டம் முப்பது என்கிறது” என்று மிரட்ட வந்தவனிடம் கைவிரிக்க அவருக்கொரு கேடயம் இருந்தது. லக்சம்பர்க்கிலிருந்து பார்த்தால் அந்தக் கேடயம் தெரியுமா?

இத்தாலி படிப்படியாக இறங்கியது. முப்பது நாற்பதாயிற்று, ஐம்பதாயிற்று. 2021 நவம்பர் 1 முதல் பொது வரம்பே இல்லை. உள்குத்தகைத் தொழிலாளருக்கும் முதன்மை ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு நிகரான ஊதியம் என்று எழுதி வைத்தார்கள், அது நல்லது. 2023ஆம் ஆண்டுச் சட்டமோ உள்குத்தகைக்குள் உள்குத்தகைக்கும் வழி திறந்தது. எதை ஒப்பந்தக்காரரே செய்யவேண்டும், எதை மேலும் கைமாற்றலாகாது என்று காரணம் காட்டி டெண்டரில் எழுதவேண்டியவர் அதே அலுவலர்தான். இப்போது மிரட்ட வருபவனுக்குத் தெரியும், அந்த வரியை எழுதியது யார் கை என்று.