வீட்டு ரிப்பேர் வேலைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறீங்களா?

பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்ற நிலையில் பெயிண்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும், "அட்வான்ஸ் கொடுத்தாத்தான் சார் நாள் ஒதுக்க முடியும்" என்பார். இப்படி நான்கைந்து வீடுகளில் வாங்கியிருந்தால், யார் அதிகம் நச்சரிக்கிறார்களோ அங்கேதான் முதலில் பட்டி பார்க்கப் போவார். உங்கள் வீட்டுச் சுவர் சுரண்டிய கோலத்திலேயே பொங்கலைக் கொண்டாடும். பெயிண்ட் வேலை என்றால் போவது சில ஆயிரம். டைல்ஸ், மொட்டை மாடி ஒழுகல், மாடுலர் கிச்சன் என்று போனால் பல மாதச் சேமிப்பு.

முன்பணம் கேட்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. மேஸ்திரி பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். வேலை முடிந்த பிறகு "அடுத்த மாசம் வாங்கிக்கோங்க" என்று இழுத்தடித்த வீட்டுக்காரர்களையும் அவர் பார்த்திருப்பார். எவ்வளவு கொடுப்பது, யார் கையில் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

"பாதிப் பணம் முன்னாடியே" என்றால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். முதல் கட்ட வேலைக்கு என்ன செலவு என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, மெட்டீரியலோடு சேர்த்து பாத்ரூம் டைல்ஸ் வேலைக்கு 80,000 ரூபாய் பேசி, 40,000 அட்வான்ஸ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் டைல்ஸ், சிமென்ட், மணலுக்கு 35,000 ஆகும் என்றால் அவரோடு கடைக்குப் போய் நீங்களே கட்டிவிடுங்கள். பில்லும் உங்கள் பெயரில் இருக்கட்டும். மேஸ்திரி கையில் 5,000 கொடுத்தால் போதும். பழைய டைல்ஸை உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் 15,000. டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் இன்னொரு 15,000. கடைசி 10,000, ஒரு வாரம் புழங்கிப் பார்த்து ஒழுகல் இல்லை என்று தெரிந்த பிறகு. முதல் நாள் உங்களிடமிருந்து போவது அதே 40,000தான். ஆனால் ஆள் வராமல் போனால் மாட்டிக்கொள்வது 5,000 மட்டும்.

மாடுலர் கிச்சனுக்கு இந்த வழி அப்படியே ஒத்துவராது. உங்கள் வீட்டு அளவுக்கு வெட்டிய பலகை வேறு யாருக்கும் உதவாது என்பதால் கூடுதல் அட்வான்ஸ் கேட்பது நியாயம்தான். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்: அளவு போட்ட வரைபடம், எந்த பிளைவுட் என்ற விவரம் (ஐ.எஸ். 710 என்றால் அந்த எண்ணையே எழுதச் சொல்லுங்கள்), கீல், டிராயர் சேனல் என்ன பிராண்டு, எந்தத் தேதியில் மாட்டித் தருவார். பட்டறையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலே போதும். 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கியதற்கான ரசீது என்றால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். "ஜிபேல போட்டுட்டேனே, அதுவே ஆதாரம்தானே?" என்று கேட்கலாம். பணம் போனதற்கு அது ஆதாரம். எந்த வேலைக்குப் போனது என்று அது சொல்லாது. குறிப்பு எழுதும் இடத்தில் 'பாத்ரூம் டைல்ஸ் அட்வான்ஸ்' என்று போடுங்கள். வாட்ஸ்அப்பில் பேசிய விலையையும் போட்டோவையும் அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் 15 இலக்கப் பதிவு எண்ணோடு பில் கேளுங்கள். எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்க முடியாது.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் வராவிட்டால்? செய்யாத வேலைக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே சமயம், அவர் பொருள் வாங்கிய பிறகு நீங்களாக வேண்டாம் என்றால் முழுத் தொகையையும் எதிர்பார்க்க முடியாது.

முதலில் கெடு தேதி குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மேஸ்திரியின் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யலாம்.

வேலை தாமதமானால் காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று சொல்லக்கூடும். பொய் முகவரி கொடுத்தவர், ஒரே மாதிரி பல பேரிடம் வாங்கிக்கொண்டு மறைந்தவர் என்றால் கதை வேறு; அங்கே மோசடிப் புகார் கொடுக்கலாம்.

ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து அது கணக்காகும். "அடுத்த வாரம் வந்துடறேங்க" என்று அவர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்களும் அதற்குள்தான் கழிகின்றன.