சாரத்துக்குப் பின்னால் விக்டோரியா

பிக்கரிங் மக்களே, தலைக்கவசத்தை இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே போகப்போகிறோம்! சென்னை சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கையோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆட்டோ பிடித்தவர்கள் இந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம், ரயில் நிலையம் மறுபக்கம், நடுவில் செங்கல் சிவப்பில் ஒரு கோபுரம். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். ஊர் கூடுவதற்காக 1880களில் ஊர் மக்களே எழுப்பிய மண்டபம். 2023இல் தொடங்கிய சீரமைப்பு வேலை மும்முரமாக நடந்த நாட்களில், சாரத்துக்கும் பச்சை வலைக்கும் பின்னால் நுழைய எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. கனடாவின் பிக்கரிங்கிலிருந்து விடுமுறைக்கு வந்தவளுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறென்ன வேண்டும்!

வாசலிலேயே காவலாளி காலைப் பார்த்தார். "செருப்போட உள்ள விடமாட்டேன் மேடம். ஆணி கிடக்கும்." எங்கிருந்தோ ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது. எனக்கு இரண்டு அளவு பெரிது. பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, வலையை விலக்கியதும் மூக்கைத் துளைத்தது ஒரு வாசனை: ஈரச் சுண்ணாம்பும் வெல்லமும் கலந்த புளிப்பு. தரையெங்கும் மணல் மூட்டை, உடைந்த ஓடு, சுருட்டி வைத்த வயர், பாதி குடித்த டீக் கிளாஸ். ஒரு வளைவின் கீழே, சாரக் கம்பியில் யாரோ காயப்போட்ட லுங்கி.

வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் தொட்டியின் பக்கத்தில் மேஸ்திரி நிற்கிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். "வாம்மா, கிட்ட வந்து பாரு" என்று கூப்பிட்டு, பீப்பாயின் மூடியைத் திறந்தார். உள்ளே கடுக்காயும் வெல்லமும் ஊறிப் பழுப்பாகக் கிடந்தன. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பைக் குழைக்கிறார்கள். "சிமென்ட் போட்டா சீக்கிரம் வேலை முடியுமே?" என்று கேட்டேன். "முடியும். செவுரும் முடிஞ்சிடும்" என்றார். பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சி, பிறகு வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமென்ட் வழியை அடைத்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் செங்கல்லையே உதிர்த்துவிடும்.

கலவை பதம் வந்துவிட்டதா என்று பார்க்க அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. கரணையில் ஒரு பிடி அள்ளி, அப்படியே தலைகீழாகத் திருப்பினார். கலவை விழவில்லை. மனதுக்குள் எண்ணினார் போலும், உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒரு தட்டு தட்டியதும் பொத்தென்று விழுந்தது. "இப்ப சரி" என்றார். பக்கத்திலிருந்த பையன் வெல்லப் பாகு சிந்திய இடத்தைக் காட்டிச் சிரித்தான். எறும்புகள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. "மண்டபத்துக்கு மொதல்ல வந்த ஆடியன்ஸ் இவங்கதான் மேடம்!"

அடுத்த வளைவில் பெண்கள் கூட்டம். சித்தாள் வேலை என்றால் கல் சுமப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அவர்கள் செங்கல் இடுக்குகளைச் சுரண்டுகிறார்கள். இரும்புப் பிரஷ்ஷும் சின்ன உளியும்தான் ஆயுதம். முதலில் மேலே அப்பியிருக்கும் பெயின்ட் உதிர்கிறது. அடுத்து பிற்காலத்தில் யாரோ பூசிய சிமென்ட். அதற்கும் கீழேதான் 1880களின் செங்கல் முகம் காட்டுகிறது. ஒரு அக்கா பிடுங்கிய ஆணிகளையெல்லாம் பெயின்ட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். படம் மாட்டிய ஆணி, பேனர் கட்டிய ஆணி, லைட் தொங்கிய கொக்கி. டப்பா நிரம்பி வழிந்தது. "எத்தினி கூட்டம் நடந்திருக்கும் பாரு, ஒவ்வொருத்தனும் ஒரு ஆணி அடிச்சுட்டுப் போயிருக்கான்" என்றார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் மஞ்சள் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டின் ஓரத்தில் கனகாம்பரம்!

இப்போது மாடிக்கு. படியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம் என்று கூட வந்த பொறியாளர் தம்பி எச்சரித்தார். மேலே போய் நின்றதும் எனக்குப் பேச்சே வரவில்லை. கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம், ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். மேல் கூடத்து மரப் பால்கனியில் இன்னும் 200 பேர். நடுவில் சாரக் காடு இருந்தும், மேடை இருந்த பக்கம் கண் தானாகவே போனது.

அந்த மேடையில் யார் யாரெல்லாம் நின்றார்கள் தெரியுமா? சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897இல் இங்கேதான் பேசினார். சென்னை மக்கள் சலனப்படம் என்ற அதிசயத்தை முதன்முதலில் வாய் பிளந்து பார்த்ததும் அதே 1890களின் பிற்பகுதியில், இந்த மண்டபத்தில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பம்மல் சம்பந்த முதலியார்! 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபாவின் நாடகங்களுக்கு இதுதான் வீடு. கூத்தாடி என்று ஏளனம் செய்த காலத்தில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிக்கொண்டு ஏறிய மேடை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாக நாயகி வேடம் கட்டிய ரங்கவடிவேலுவுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். பகலில் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு, இரவில் இங்கே கிரீடம்! கொசுவத்தைச் சரியாகச் சொருகத் தெரியாமல் திரைக்குப் பின்னால் எத்தனை வக்கீல்கள் தவித்திருப்பார்களோ என்று சொன்னேன். பொறியாளர் தம்பி வாய்விட்டுச் சிரித்தார். மேலே சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். கூடத்தில் எதிரொலி இன்னும் அருமையாக இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

வராந்தாப் பக்கம் மேல்தளம் போடும் வேலை. மெட்ராஸ் டெரஸ் என்று நம் தாத்தா வீடுகளில் பார்த்திருப்பீர்கள். தேக்குக் கட்டைகளுக்கு மேலே மெல்லிய செங்கற்களைக் குத்தாக, சாய்வாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் கலவையைக் கொட்டி, மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட், தட், தட் என்று ஒரே தாளம். ஒருவர் நிறுத்தினாலும் மற்றவர்கள் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். விழுப்புரத்துப் பெரியவரும் ஒடிசாப் பையனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இவருக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழில் பத்துச் சொல்தான் தெரியும். அந்தப் பத்தில் மூன்று கெட்ட வார்த்தை என்று பெரியவர் பெருமையாகச் சொன்னார், கற்றுக்கொடுத்தவரே அவர்தானாம். வியர்வை இருவர் முதுகிலும் ஆறாக ஓடியது. டீ வந்ததும் முதல் கிளாஸைப் பையனிடம் நீட்டினார்.

டீ நேரத்தில் தள அலுவலகத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தோம். தகரக் கொட்டகை, ஒரு மின்விசிறி, மேசை கொள்ளாத வரைபடச் சுருள்கள். அவை பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு பழைய செங்கல். பில் கோப்புகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன, மனிதர்கள் நின்றுகொண்டிருந்தோம். இங்கேதான் பணக் கதை கேட்டேன். அதைச் சொல்லாமல் உங்களை விடமாட்டேன்.

1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் நகரத்துப் பிரமுகர்கள் கூடி, நமக்கென்று ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு தலைமையில் 12 பேர் கொண்ட அறக்கட்டளை அமைந்தது. மன்னர்கள், ஜமீன்தார்கள், செல்வர்கள் நன்கொடை தந்தார்கள். ராபர்ட் சிஷோம் வரைபடம் போட்டார், நம்பெருமாள் செட்டியார் கட்டிக்கொடுத்தார். நிலம் மாநகராட்சியுடையது: 57 கிரவுண்டு, 99 ஆண்டுக் குத்தகை, கிரவுண்டுக்கு எட்டணா. கூட்டிப் பாருங்கள், ஆண்டு வாடகை முப்பது ரூபாயைக்கூடத் தொடவில்லை!

கட்டுவதற்கு மகாராஜா வந்தார். கட்டிய பிறகு? வாடகை கொடுத்து நாடகம் போட்டவர்களும் டிக்கெட் வாங்கி வந்தவர்களும்தான் விளக்கை எரியவிட்டார்கள். சபா வேறு இடத்துக்குப் போனது, சினிமாக் கொட்டகைகள் பெருகின, கூட்டம் குறைந்தது. 1985இல் குத்தகையும் முடிந்தது. அதன்பிறகு அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வழக்கு நடக்கும் வீட்டுக் கூரையை யார் மாற்றுவார்கள்? மழை தன் வேலையைத் தவறாமல் செய்தது. கடைசியில் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி இதற்கு ஒதுக்கிய தொகை 32.62 கோடி ரூபாய். "ஒரு ஓடு நழுவினப்பவே மாத்தியிருந்தா இதுல பாதி வேலையே இல்ல மேடம்" என்றார் பொறியாளர் தம்பி. அந்தக் கொட்டகையிலேயே எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

நம்மிடமும் மண்டபங்கள் இருக்கின்றன. பிக்கரிங்கின் வடக்கே கிளேர்மொன்ட், கிரீன்வுட், வைட்வேல், மவுண்ட் சயோன் என்று ஊருக்கு ஒரு சமூக நிலையம். தெற்கே ஏரிப் பக்கம் வெஸ்ட் ஷோர், ஈஸ்ட் ஷோர். நகரசபைக்குச் சொந்தமானாலும் புழங்குகிறவர்கள் நாம். ஸ்காபரோவில் ஸ்டெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் எழுப்ப 2021இல் மத்திய அரசும் ஒன்ராறியோ அரசும் சேர்ந்து 26.3 மில்லியன் டொலர் அறிவித்தபோது நாம் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். குதிக்க வேண்டியதுதான், அது நம் உழைப்பின் பலன். ஆனால் புதிய கட்டடத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் பழைய கூரைக்குக் கிடைப்பதில்லை. ஒன்ராறியோ ட்ரில்லியம் அறக்கட்டளை 1982 முதல் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. கட்டடத் திருத்தத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு குழு உட்கார்ந்து, மூன்று பேரிடம் விலை கேட்டு, படிவம் நிரப்ப வேண்டும். அந்த நாற்காலிகள்தான் எப்போதும் காலியாகக் கிடக்கின்றன.

விக்டோரியா மண்டபத்தில் நான் கண்ட பேருண்மை இதுதான்: மண்டபத்தைக் காப்பது பெரிய தொகை அல்ல, ஓயாத நடமாட்டமும் சில்லறைக் காசும். ஆள் புழங்கினால் ஒழுகல் கண்ணில் படும். கண்ணில் பட்டால் யாராவது ஏணி கொண்டுவருவார்கள். திறப்பு விழாப் படங்களில் கரணையைத் தலைகீழாகத் திருப்பிய மேஸ்திரிக்கும் கனகாம்பர அக்காவுக்கும் இடம் கிடைப்பதில்லை. அவர்களை நேரில் பார்த்துவிட்டேன் என்ற சந்தோஷத்தை அடக்கவே முடியவில்லை.

ஆகவே, உங்கள் அடுத்த பொங்கல் விழாவுக்கோ அரங்கேற்ற ஒத்திகைக்கோ மண்டபம் எடுக்கும்போது, சாவி வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். பொறுப்பாளரிடம் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சூடேற்றி அறை, கூரையில் ஈரக் கறை படிந்த இடம், மடக்கு நாற்காலிகள் அடுக்கிய அலமாரி எல்லாவற்றையும் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவ்வளவு சுவாரசியம் முன்மேடையில் கிடைக்காது! பிறகு வீட்டுக்கு வந்து விழாக் கணக்கை எழுதும்போது, ‘மண்டபப் பராமரிப்புக்கு’ என்று ஒரு வரி சேருங்கள். பொன்னாடைச் செலவுக்கு மேலே அந்த வரி இருக்கட்டும்.