டிராக்டர் எவ்வளவு சுமை இழுக்கலாம்?

50 குதிரைத்திறன் டிராக்டர் எவ்வளவு எடையை இழுக்கும் என்பதற்கு எஞ்சினை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. தாழ்ந்த கியரில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்போது அந்த எஞ்சின் சக்கரங்களுக்குத் தரும் விசை, கணக்குப்படி 3 டன்னைத் தாண்டும். அவ்வளவையும் தரைக்குக் கடத்த டயரால் ஆகாது. டிராக்டரின் எடை சுமார் 2 டன். அதில் ஏறக்குறைய 1.3 டன் பின்சக்கரங்களின் மேல் நிற்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு, அதை அழுத்தும் எடையில் பத்தில் ஏழு பங்கு என்று கொண்டால், கிடைக்கும் இழுவிசை 0.9 டன்தான். அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நனைந்த சாலையிலும் சேற்றிலும் பிடிப்பு இன்னும் குறைவு. டயருக்குள் தண்ணீர் நிரப்புவதும் சக்கரத்தில் இரும்பு எடைகளை மாட்டுவதும் இந்தப் பிடிப்பைக் கூட்டத்தான்.

இந்த 0.9 டன்னே சமதளச் சாலைக்குத் தாராளம். கரும்பு அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கம் போன்ற ஆலைகளுக்கு லோடு ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். டிராக்டர் 2 டன், நான்கு சக்கர டிரெய்லர் 2 டன், கரும்பு 6 டன், ஆக மொத்தம் 10 டன். சமமான தார்ச்சாலையில் இதை உருட்டிச் செல்ல 200 முதல் 300 கிலோ விசை போதும். டிராக்டர் திணறாமல் போகிறது. இன்னும் இரண்டு டன் ஏற்றினாலும் போகும் என்று ஓட்டுநருக்குத் தோன்றுகிறது. இழுக்க முடிகிறது என்பதையே சுமைக்கு அளவாகக் கொள்வதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. எவ்வளவு ஏற்றலாம் என்பதை பிரேக்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. டிராக்டரிலும் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. ஆகவே இழுக்கக் கிடைத்த அதே 0.9 டன் பிடிப்புதான் நிறுத்தவும் கிடைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் டிராக்டர் பிரேக் பிடித்த பின் சுமார் 8 மீட்டரில் நின்றுவிடும். 10 டன் எடையோடு வரும்போது அதே பிரேக்குக்கு ஏறக்குறைய 40 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைப்பதற்குள் போகும் 8 மீட்டர் இதில் சேரவில்லை. டிரெய்லரின் நான்கு சக்கரங்களிலும் நல்ல பிரேக் இருந்தால் 8 டன் எடையே டயர்களைத் தரையில் அழுத்தி நிறுத்த உதவும். அப்போது மொத்த வண்டியும் வெறும் டிராக்டர் நிற்கும் தூரத்திலேயே நின்றுவிடக்கூடும். டிரெய்லர் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது இந்த பிரேக்கைத்தான்.

சரிவில் நிலைமை மோசமாகிறது. ஏரிக்கரையிலிருந்தோ மேம்பாலத்திலிருந்தோ 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் பாதையில், 10 டன் வண்டியை அதன் எடையே 1 டன் விசையோடு கீழே தள்ளும். பின்சக்கரங்களின் பிடிப்போ 0.9 டன். டயர் உருளும்போது தரையில் ஏற்படும் தடை மட்டுமே மிச்சத்தைத் தாங்கும். வேகம் பிடித்துவிட்ட வண்டியை அங்கே நிறுத்துவது ஏறத்தாழ நடவாத காரியம். எனவே சரிவு தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் கிளட்சை அழுத்திக்கொண்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. எஞ்சினின் தடையும் அதே பின்டயர்கள் வழியாகத்தான் வேலை செய்கிறது. வேகம் ஏறாமல் காப்பதுதான் அதனால் ஆவது.

பிரேக் இல்லாத டிரெய்லர், முன்னால் டிராக்டர் வேகம் குறையும்போது பின்னிருந்து தள்ளுகிறது. இரண்டும் நேர்கோட்டில் இருந்தால் தப்பலாம். வளைவில் பிரேக் பிடித்தால் அந்தத் தள்ளல் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு வண்டிகளையும் மடக்கிப் போடும். இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் இருப்பது வயலில் சட்டென்று திரும்புவதற்காக. சாலைக்கு வரும் முன் அவற்றைக் கொண்டியால் ஒன்றாகப் பூட்ட வேண்டும். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும்.

டிரெய்லரை மாட்டும் இடத்தின் உயரமும் முக்கியம். பின் அச்சின் மையத்துக்குக் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அதற்கு மேலே கட்டி இழுத்தால், பளு கூடும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி டிராக்டர் பின்புறமாகப் புரண்டு ஓட்டுநரின் மேலேயே விழலாம். முன்சக்கரம் முழுவதும் எழும்பாவிட்டாலும், அதன் மேல் எடை குறைந்தால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது. இரண்டு சக்கர டிரெய்லரில் சுமையின் பெரும்பகுதி அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் குவிந்தால் அது கொக்கியை மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைக்கும். காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர்களுக்கும் இதே விதிதான்: அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் நிற்க வேண்டும் என்கிறார்கள். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. ஏற்றிய நிலையில் மொத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பது ஆர்.சி.யில் குறிக்கப்பட்டிருக்கும். அதை மீறினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கரும்பு லோடின் மேலோ டிராக்டரின் மட்கார்டிலோ ஆள் உட்காரக்கூடாது. ஒரு பள்ளத்தில் குலுங்கினால் அவர் விழுவது சக்கரத்துக்கு அடியில்.

இரவில் பின்புற விளக்கைக் கரும்புத் தோகை மறைத்துவிடுகிறது. பின்னால் வருபவருக்குத் தெரியும்படி ஒளிரும் பட்டைகளைப் பலகையின் ஓரங்களில் ஒட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பை வெட்டிவிட வேண்டும். வழியில் பழுதாகி நின்றால் வண்டியைச் சாலையிலிருந்து முழுவதும் இறக்கி, பின்னால் போதிய தூரத்தில் எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும். டிரெய்லரைக் கழற்றும் முன் அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ கொடுத்துவிட்டுத்தான் கொக்கியின் ஊசியை உருவ வேண்டும்.